தடிமன் பிடித்த பாட்டு

எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூசையில் ஒருமுறை, வெள்ளைப் பூக்களுக்கும் என் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவே ஒரு கறுப்பினப் பாடகரின் இசைத்தட்டும் இருந்தது. அதை அங்கே வைத்தவள் நான். எனக்கு அப்போது எட்டு வயது. சந்தனம் குழைத்து அதற்குப் பொட்டு வைத்ததும் நானே. அதனால் என் மாமாவின் வேலை போகவிருந்தது, மாமி ஊரிலேயே நின்றுவிடவிருந்தார் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டி எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம். சாமி காரியத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

எண்பதுகளின் நடுப்பகுதி. லண்டனின் தெற்கே மிச்சம் என்கிற ஊரில் எங்கள் வீடு. சாமி அறை என்று நாங்கள் சொன்னது மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரியைத்தான். தரை கூட்டும் மெசினை வெளியே துரத்திவிட்டு அம்மா அதில் சாமிகளைக் குடியேற்றியிருந்தார். குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே, இரண்டு மணிக்கூடுகள் தொங்கின. ஒன்று லண்டன் நேரம் காட்டியது. மற்றது ஊர் நேரம். ஊரிலே இப்போது விடிந்திருக்கும், இப்போது உலை வைத்திருப்பார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சொல்வதற்காக அம்மா அதை வாங்கி மாட்டியிருந்தார். அதனால் வேறு ஏதும் பிரயோசனம் உண்டென்று யாரும் நினைக்கவில்லை.

மாமா அம்மாவுக்குத் தம்பி. கலியாணம் முடித்து நாலாம் மாதம் மாமியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தவர். எங்கள் வீட்டின் சின்ன அறை அவருடையது. ஊரில் தபால் கந்தோரில் தந்தி அடிக்கிற வேலை. கட்டுக் கட கட்டுக் கட என்று வருகிற ஒலியைக் காதால் கேட்டு, கையால் எழுதி, அப்படியே பன்னிரண்டு வருடம். லண்டனில் அந்த வித்தைக்கு என்ன மரியாதை என்று அப்பா கேலி செய்வார். ஆனால் பஸ்சில் இரண்டு தரிப்புத் தள்ளி இசைத்தட்டு அச்சடிக்கிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே பெட்டி அடுக்கப் போன மாமா ஒருநாள், ஓடிக்கொண்டிருந்த தட்டில் ஒரு ‘டிக்’ வருகிறதென்று மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் மூன்று தரம் போட்டுப் பார்த்தும் அது அவருக்குக் கேட்கவில்லை. நாலாம் தரம் கேட்டது. அடுத்த கிழமை மாமாவை ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, காதில் ஹெட்போனைக் கொழுவிவிட்டார்கள்.

வேலை இதுதான். ஒரு பாட்டுத் தட்டு ஆயிரக்கணக்கில் அச்சாகிறதற்கு முன்னால் மாதிரிக்குச் சில தட்டுகள் அடிப்பார்கள். மாமா அதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டு, எங்கே கீறல், எங்கே இரைச்சல், எங்கே ‘டிக்’ என்று ஒரு மட்டையில் எழுதிக் கொடுக்கவேண்டும். மாமா பிழை என்று எழுதினால் மெசின் நிற்கும், அச்சுத் தகட்டைத் திரும்பச் செய்யவேண்டும். பிழையைத் தவறவிட்டால் ஆயிரம் தட்டும் குப்பைக்குப் போகும். பின்னாலே மாமாவும் போகவேண்டியதுதான்.

மாமாவுக்கு அந்தப் பாட்டுகளில் ஒன்றும் பிடிப்பதில்லை. அதுதான் தன்னுடைய பலம் என்பார். பாட்டைக் கேட்டால் பிழை கேளாது, பாட்டை வெளியே நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கேட்கவேண்டும் என்று அப்பாவுக்கு விளங்கப்படுத்துவார். அப்படி எத்தனையோ பெரிய பாடகர்களை வாசலிலே நிறுத்திவைத்தவர் எங்கள் மாமா. அவர்களுடைய பெயர்கூட அவருக்குத் தெரியாது.

அந்தப் புரட்டாதியில் ஒரு தட்டு வந்தது. பாடினவர் தெற்கு லண்டன்காரர். சோல், புளூஸ் என்று சொல்கிற வகைப் பாட்டு. அது அவருடைய இரண்டாவது இசைத்தட்டாம். முதலாவதை அவருடைய சொந்தக்காரரைத் தவிர ஒருவரும் வாங்கவில்லையாம். மாமா முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு வந்து சாப்பாட்டில் கை வைக்காமல் இருந்தார். அம்மா என்னவென்று கேட்டார்.

“அக்கா, இந்த மனுசன் என்னைப் பாட்டுக் கேக்க வைக்கிறான்” என்றார் மாமா. ஏதோ களவு பிடிபட்டவர் மாதிரி அதைச் சொன்னார்.

சிக்கல் கடைசிப் பாட்டில் இருந்தது. பியானோவும் குரலும் மட்டும்தான். கடைசி அடிக்கு முன்னால் பாட்டு ஒரு கணம் நிற்கும். அந்த இடத்தில் ஒரு சத்தம். சின்னச் சத்தம், கண்ணை இமைத்து முடிப்பதற்குள் போய்விடும். அது தட்டின் பிழையா, பாடினவருடையதா என்று மாமாவால் பிரிக்க முடியவில்லை. தொழிற்சாலையில் இருந்தால் மெசின் இரைச்சல் சுவரைத் தாண்டி வருகிறதாம். மட்டையை அடுத்த நாள் காலை எட்டு மணிக்குக் கொடுக்கவேண்டும். ஆகவே மாமா தன் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தார். வெள்ளை உறையில் இருந்த அந்தத் தட்டைக் கோட்டுக்குள்ளே செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அது பெரிய குற்றம். வேலை முடிந்து வெளியே போகும்போது வாசலில் பை பார்ப்பார்கள். தட்டோடு பிடிபட்ட ஒருவனை அந்த இடத்திலேயே வேலையால் நிற்பாட்டியதை மாமாவே எங்களுக்குச் சொல்லியிருந்தார். உள்ளே போகும்போது யாரும் பார்ப்பதில்லை. எனவே காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போய் மெல்ல இருந்த இடத்தில் வைத்துவிட்டால் தப்பினார். தவறினால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் இது நிரந்தர வேலை என்று தொழிற்சாலை கொடுக்கவிருந்த கடிதம் இல்லை. அந்தக் கடிதம் இல்லாமல் மாமிக்கு விசா இல்லை. ஊரில் அப்போது ஷெல் விழத் தொடங்கியிருந்தது.

இவ்வளவும் நான் பிறகு கூட்டிப் பார்த்துக்கொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, சரஸ்வதி பூசை நாளும் அதுவுமாக மாமா மத்தியானமே வந்து முன் அறையில் பாட்டுப் போடுகிறார் என்பது மட்டும்தான். பழைய சாமான் சந்தையில் வாங்கின பாட்டுப்பெட்டி அது. மூடியைத் திறந்தால் பாடும். மாமா நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, ஒலிபெருக்கியில் காதை ஒட்டிக்கொண்டு, ஊசியைத் தூக்கித் தூக்கி ஒரே இடத்தில் வைத்தார். நானும் மற்றப் பக்கம் காதை ஒட்டினேன். மாமா என்னைத் துரத்தவில்லை.

“பிள்ளை, இந்த இடத்திலை உனக்கு என்ன கேக்குது?”

நான் கண்ணை மூடிக் கேட்டேன். பியானோ நின்றது. யாரோ மூக்குக்குள்ளாலே மூச்சை உள்ளே இழுத்து, விழுங்கினார்கள். எனக்கு அதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை. அந்தக் குளிருக்குள் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் மூக்கு ஒழுகிக்கொண்டு அப்படித்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

“அவருக்குத் தடிமன், மாமா.”

மாமா என்னை ஒருதரம் பார்த்துவிட்டு ஊசியைத் திரும்பவும் தூக்கினார். அதற்குள் அம்மா வாழைப்பழமும் வெற்றிலையும் வாங்கிவரச் சொல்லி அவரைக் கடைக்கு விரட்டிவிட்டார்.

பூசைக்கு அடுக்குகிற பொறுப்பு என்னுடையது. முன் அறை மேசையில் பட்டு விரித்து, சரஸ்வதி படத்தை வைத்து, முன்னால் எங்கள் எங்கள் தொழிலுக்குரியதை வைக்கவேண்டும். எனக்குப் புத்தகங்கள். அப்பாவுக்குப் பேனை. வீட்டிலிருந்து சட்டை தைத்துக் கொடுக்கிற அம்மாவுக்குக் கத்தரிக்கோல். மாமாவுக்கு ஒன்றும் இல்லை. போன வருடமும் மாமாவுக்கு ஒன்றும் வைக்கவில்லை, அதனால்தான் மாமி இன்னும் வரவில்லை என்று எனக்குப் பளிச்சென்று விளங்கியது. அறையைச் சுற்றிப் பார்த்தேன். மாமாவின் தொழில் அந்தப் பாட்டுப்பெட்டியின்மேல் இருந்தது. உறையிலிருந்து எடுத்து, சரஸ்வதியின் காலடியில் வைத்தேன். வெறுமனே வைத்தால் காணாது என்று சந்தனத்தால் ஒரு வட்டம் இட்டு, நடுவிலே குங்குமமும் வைத்து, அறுகம்புல் கிடைக்காததால் பின்வளவுப் புல்லில் நாலைத் தூவினேன். கறுப்புத் தட்டில் அந்தச் சிவப்பு எவ்வளவு வடிவாக இருந்தது என்று இப்போதும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

மாமா திரும்பி வந்தபோது, சுபநேரம் தப்புகிறதென்று பழத்துக்கும் காத்திராமல் அப்பா கற்பூரம் காட்டி முடித்துவிட்டார். வாழைப்பழச் சீப்பைப் பிடித்தபடி மாமா வாசலிலேயே நின்றார். அவருடைய முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“அத்தான், அது நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு அங்கை இருக்கவேணும்” என்றார் கடைசியில்.

அப்பா கெட்டவர் அல்ல. ஆனால் பஞ்சாங்கம் என்று வந்தால் அவர் வேறு மனிதர். சரஸ்வதி முன் வைத்ததை விஜயதசமிப் பூசை முடியாமல் தொடக்கூடாது, தொட்டால் அந்தத் தொழில் விளங்காது என்பது அவருடைய தகப்பன் அவருக்குச் சொன்ன சட்டம். பஞ்சாங்கத்தைப் புரட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். விஜயதசமி சுபநேரம் காலை ஒன்பதேகாலுக்கு மேல்.

“வைச்சது வைச்சதுதான். ஒன்பதேகாலுக்குப் பிறகு எடுத்துக்கொண்டு போம்.”

அக்கா வீட்டில், அத்தானின் கூரைக்குக் கீழே இருக்கிற ஆள் என்ன சொல்லமுடியும். என்னிலும் அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஏதாவது விளங்கியிருக்கும். பழத்தை மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்தார். நான் எல்லோரும் என்னைப் புகழுவார்கள் என்று காத்திருந்து அலுத்துப்போய் அவலைச் சாப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாமாவின் அறைக்குள்ளிருந்து கசெற் சத்தம் கேட்டது. மாமியின் கசெற். ஊரில் அப்போது எங்கள் ஆட்களுக்கு ரெலிபோன் இல்லை. கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி, வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். அதில் பக்கத்து வீட்டு நாய் குரைப்பது முதற்கொண்டு எங்களுக்குப் பாடம். முதலில் மாமி தொண்டையைச் செருமுவார். பிறகு ஒன்றும் கேளாது. பிறகு, “நாங்கள் எல்லாரும் சுகம்” என்பார். அன்றைக்கு மாமா அந்த இடத்தையே போட்டுக்கொண்டிருந்தார். போடுவார், நிற்பாட்டுவார், பின்னுக்குச் சுற்றுவார், திரும்பப் போடுவார். கசெற்றும் பழுதாய்ப் போய்விட்டது, பாவம் மாமா, ஒரே நாளில் இரண்டு பழுது என்று நினைத்துக்கொண்டு நான் படுக்கப் போனேன்.

காலையில் என்னை எழுப்பியது அம்மாவின் குரல். வெளியே இன்னும் வெளிக்கவில்லை. கீழே இறங்கிப் போனால், அம்மா தலைக்கு முழுகி, ஈரத் தலையில் துவாயோடு குசினியில் நிற்கிறார். அப்பா இடுப்பில் சாரத்தைப் பிடித்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் நிற்கிறார். அம்மா சுவரைக் காட்டினார்.

“இஞ்சருங்கோ, இந்த மணிக்கூட்டிலை எத்தினை மணி?”

“அஞ்சு.”

“மற்றதிலை?”

அப்பா கண்ணாடியைத் தேடினார். அது அவருடைய நெற்றியில் இல்லை. ஆகவே அம்மாவே சொன்னார். “ஒன்பதரை. உங்கடை பஞ்சாங்கம் எங்கை அடிச்சது? யாழ்ப்பாணத்திலை. யாழ்ப்பாணத்திலை ஒன்பதேகால் எப்பவோ போட்டுது. வந்து கற்பூரத்தைக் கொளுத்துங்கோ, பெடியன் ஷிப்டுக்குப் போகவேணும்.”

அப்பா வாயைத் திறந்தார். திறந்த வாயோடு இரண்டு மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். லண்டனுக்கு வந்த ஆறு வருடமாக அவர் பார்த்த அத்தனை சுபநேரமும் அந்த ஒரு நிமிடத்தில் அவருடைய கண்முன்னால் பிழைத்துப்போனது எனக்கு அப்போது தெரியாது. வாயை மூடிக்கொண்டு போய் முகம் கழுவினார். பூசை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அவ்வளவு விறுவிறுப்பான விஜயதசமியை எங்கள் வீடு அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அடுத்த வருடம் அம்மாவே, விடியப்புறத்தில் எழும்ப ஏலாது என்று பஞ்சாங்கத்தைத் திரும்பவும் லண்டன் நேரத்துக்கு மாற்றிவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும்.

ஆனால் சந்தனம் காய்ந்து தட்டில் ஒட்டியிருந்தது. நான் இட்ட வட்டம் சரியாகக் கடைசிப் பாட்டின்மேல் இருந்தது. அம்மாவே அதை வாங்கி, நடுவிலிருந்த வெள்ளைக் கடதாசியில் தண்ணீர் படாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இளஞ்சூட்டு நீரில் கோடுகளின் போக்கிலேயே விரலால் உருட்டி உருட்டிக் கழுவினார். பிள்ளைக்கு முகம் கழுவுகிறதுபோலத்தான் கழுவினார். பிறகு பழைய நூல்சேலையால் ஒற்றி எடுத்தார். மாமா பெட்டியைத் திறந்து தட்டைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து, கடைசிப் பாட்டில் ஊசியை வைத்தார். நாங்கள் நாலு பேரும் நின்று கேட்டோம். அப்பாகூட.

பியானோ நின்றது. அந்தச் சத்தம் வந்தது. பாடகர் கடைசி அடியைப் பாடினார். குங்குமம் பாட்டுக்கு ஒரு கரைச்சலும் கொடுக்கவில்லை.

மாமா ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, மட்டையை எடுத்து, முழங்காலில் வைத்து எழுதினார்.

“என்னவாம்? பிழையோ?” என்றார் அம்மா.

“பிழை இல்லை, அக்கா.”

“அப்ப என்ன அந்தச் சத்தம்?”

மாமா கோட்டைப் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். தட்டு உள்ளே போய்விட்டது. “ஆள்” என்றார். “அது ஆள், அக்கா.”

அம்மா சேலைத் துண்டை மடித்துக்கொண்டே நின்றார். நேற்றுப் பிழையாக இருந்தது இன்றைக்குச் சரியாகிவிட்டதென்றால் அது யாருடைய வேலை என்று எனக்குத் தெரியும். சரஸ்வதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். கொஞ்சம் பங்கு எனக்கும் உண்டு என்பதையும் அவவுக்கு ஞாபகப்படுத்தினேன்.

மாமா பிடிபடவில்லை. தட்டு அச்சேறியது. மெசினிலிருந்து முதல் தட்டுகள் வருவதைப் பார்க்க அந்தப் பாடகரே ஒருநாள் தொழிற்சாலைக்கு வந்தாராம். அந்தச் சத்தத்தை வெட்டிவிடும்படி ஸ்ருடியோவில் எல்லோரும் சொன்னார்களாம், தான் மறுத்துவிட்டாராம். இதைப் பிழையென்று எழுதாதவன் யார் என்று கேட்டு, சின்ன அறைக்குள் தலையை நீட்டி மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். மாமா இந்தக் கதையைச் சொல்லச் சொல்ல அந்தப் பாடகர் உயர்ந்துகொண்டே போனார். முதல் தரம் சொன்னபோது சாதாரண உயரம். டிசம்பரில் நத்தாருக்குச் சொன்னபோது கதவில் தலை முட்டியது. பாடகர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இசைத்தட்டு எங்கள் முன் அறையில் வெகு காலம் இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. பெரிதாக விற்காத தட்டுத்தான். ஆனால் அதை உறையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் அந்த வீடு, அந்தச் சந்தன வாசம், ஈரத் தலையோடு நின்ற அம்மா, எல்லாம் ஒரேயடியாக வந்து என் நெஞ்சை நிறைத்துவிடுகின்றன.

கடிதம் கிடைத்தது. விசாவும் வந்தது. சித்திரை பிறந்து சில நாளில் மாமி வந்தார்.

ஹீத்ரோவுக்கு எல்லோரும் போனோம். மாமா அப்பாவின் நல்ல கோட்டைப் போட்டு, கழுத்தில் கம்பளிச் சால்வை சுற்றியிருந்தார். கண்ணாடிக் கதவு திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் மாமி வந்தார். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். மெல்லிய சேலை, காலில் செருப்பு. கையில் ஒரு பனை ஓலைப் பை. மாமா ஓடிப்போவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அசையவில்லை. மாமியும் நாலடி தள்ளி நின்றுவிட்டார். சுற்றிவர ஒரே ஆரவாரம். அவர்கள் இரண்டு பேரும் மட்டும் ஏதோ மறந்துபோனவர்கள் மாதிரி நின்றார்கள்.

மாமி வாயைத் திறந்தார். மூக்குக்குள்ளாலே மூச்சை உள்ளே இழுத்து, விழுங்கினார். பிறகுதான், “சுகமா இருக்கிறியளே?” என்று கேட்டார்.

எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல் இருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். முன் அறையில் ஒலிபெருக்கியில் காதை ஒட்டி நான் கேட்ட அதே சத்தம். அந்தக் கூட்டத்துக்குள் அதைக் கண்டுபிடித்தவள் நான் ஒருத்திதான்.

“மாமா!” என்று கத்தினேன். “மாமிக்கும் தடிமன்!”

அப்பா சிரித்தார். இறங்கின உடனேயே லண்டன் தடிமன் பிடித்துவிட்டது என்றார். அம்மா சிரித்துக்கொண்டே முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். மாமா சிரிக்கவில்லை. அவர் என்னை ஒருதரம் பார்த்தார்.

“ஓம் பிள்ளை. தடிமன்தான்” என்றார். கழுத்தில் இருந்த சால்வையைக் கழற்றிக்கொண்டு போய், மாமியின் கழுத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்தபடியே வெகு நேரம் நின்றார்.

நான் சொன்னதை மாமா நம்பிவிட்டார் என்று, வீடு வந்து சேரும்வரை எனக்கு ஒரே பெருமை.